விசாரிக்க வருகிற ஆள்

பத்து மணிக்கு மேல் ஒரு மணிக்குள் ஆள் வருவார் என்று பேங்க்கில் இருந்து போனில் சொன்னார்கள். இப்போது பத்தே முக்கால். ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தி, ஒரு கதவைத் திறந்து வைத்து, வெளியே நிற்கிறவனுக்கு நான் தெரியாமலும் எனக்கு வாசல் தெரிகிற மாதிரியும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வலது கையின் மேல் துண்டு கிடக்கிறது. வீட்டுக்குள் எதற்குத் துண்டு என்று ருக்குமணி கேட்டுக் கேட்டு விட்டுவிட்டாள். கட்டின பெண்டாட்டி முன்னால்கூட அது இல்லாமல் உட்கார்ந்தால் உடம்பில் துணி இல்லாத மாதிரி இருக்கும் எனக்கு. துண்டுக்கு அடியில் கட்டைவிரல் மட்டும் இருக்கிறது. மற்ற நான்கும் பதினோரு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டன. ஆனால் மோதிரவிரல் இப்போது அரிக்கிறது. பயம் வந்தால் அது அரிக்கும். இல்லாத விரலை எங்கே சொறிவது. நாற்காலிக் கையில் தேய்க்கிறேன், துண்டுதான் நகர்கிறது. வெளியே ஒரு வண்டிச் சத்தம். இல்லை, கேஸ் சிலிண்டர்காரன். அவன் போகிறவரைக்கும் மூச்சை விடவில்லை. சிலிண்டர்காரனுக்கு எதற்குப் பயப்பட வேண்டும். ஆனால் வருகிற ஆள் எப்படி இருப்பார் என்று யாரும் சொல்லவில்லையே, சிலிண்டரோடுகூட வரலாம். இது ஆறு வீடு வரிசையாக ஒட்டி நிற்கிற லைன். எங்களுடையது கடைசி, சமையல் இடத்தோடு சேர்த்து ஒன்றரை அறை, பின்னால் ஆள் ஒருவன் நடக்கிற அளவுக்குச் சந்து. பத்தொன்பது வருஷமாக வாடகை கொடுத்த வீடு. வீட்டுக்காரர் பெங்களூர் மகனோடு போகிறார், ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகப் பத்திரம் போட்டு விற்கிறார். நான்கு வீடு முடிந்துவிட்டது. ஐந்தாவது, எனக்கு ஒட்டின வீடு, என்னோடு ஒரே கம்பெனியில் இருந்த வெள்ளிங்கிரி வாங்கிவிட்டான். அவனுக்கு பி.எப். பணம் முழுசாக வந்தது, கை இரண்டும் முழுசாக இருக்கிறவனுக்கு எல்லாம் முழுசாக வரும். என்னிடம் வீட்டுக்காரர் சொன்னார்: "ஆவணி முடியற வரைக்கும் பொறுக்கறேன் நாச்சிமுத்து. அதுக்கு மேல ஆவாது. வெள்ளிங்கிரி கேட்டுட்டு இருக்கறான், அவனுக்கே எழுதிக் குடுத்துருவேன். நடுச்சுவத்த எடுத்துட்டு ஒரே வீடா ஆக்கிக்கறானாம்." இன்றைக்கு ஆடி இருபத்தெட்டு.

நடுச்சுவரை எடுப்பானாம். அந்தச் சுவரில்தான் என் தலைமாடு. அந்தப் பக்கம் அவன் இருமினால் எனக்குக் கேட்கும், நான் இருமினால் அவனுக்குக் கேட்கும், பதினோரு வருஷமாக நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். சுவர் போனால் நான் எங்கே போவேன். கை இல்லாதவனுக்கு யார் வாடகைக்கு வீடு கொடுப்பார்கள். கேட்டுப் பார்த்தோம், இரண்டு இடத்தில். ஒரு இடத்தில் அந்தம்மா என் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள், துண்டு கீழே நழுவினதும் வீடு முடிந்துவிட்டது என்றாள். அதனால்தான் பேங்க்குக்குப் போனோம். முழுக்கைச் சட்டை போட்டு, கையை மஞ்சப்பைக்குள் விட்டுக்கொண்டு போனேன். கை போனவனுக்குக் கடன் கொடுக்க மாட்டார்கள் என்று பயம். அங்கே போனால், கை போனதற்குத்தான் மாசாமாசம் பணம் வருகிறது, அதுதான் உங்கள் வருமானம், கையைக் காட்டுங்கள் என்கிற மாதிரி ஆகிவிட்டது. கடன் பிரிவில் இருந்த அந்த அம்மா நல்ல மாதிரி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இ.எஸ்.ஐ. பென்ஷன் தாளை இரண்டு தடவை படித்தாள். "இது ஆயுசுக்கும் வருங்களா ஐயா?" என்றாள். உயிரோடு இருக்கிறவரைக்கும் வரும் என்றேன். வருஷா வருஷம் நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அந்த ஆள் பேனாவை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிற அந்த ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வரும். "இத மட்டும் வெச்சா பத்தாதுங்க. வேற வருமானம் எதாச்சும் இருக்குதுங்களா?" என்றாள் அந்த அம்மா. இல்லை என்றேன். கேள்வி முடிகிறதற்குள் சொன்னேன். ஒன்பது வருஷமாகப் பழகின பதில் அது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். பக்கத்தில் இருந்த ருக்குமணி, என் பெண்டாட்டி, முப்பத்திரண்டு வருஷம் என்னோடு இருந்தவள், சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "இருக்குதுங்க. சைக்கிள் ஸ்டேண்டுல வேலைக்குப் போறாருங்க."

அந்த இடத்திலேயே நான் செத்திருந்தால் உயிர்ச்சான்று வாங்குகிற வேலையும் மிச்சம். ஒன்பது வருஷம். பின்சந்து வழியாகத்தான் போவேன், வாசல் வழியாகப் போனதில்லை. யாராவது கேட்டால் கோவிலுக்கு. மத்தியானம் போய்ப் பொழுது சாய வருகிறவனுக்கு என்ன பக்தி என்று யாரும் கேட்கவில்லை, கை போனவனுக்குப் பக்தி வரும் என்று விட்டுவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஸ்டேண்டு. வண்டியை வாங்கி வரிசையில் நிறுத்தி, டோக்கனைப் பாதி கிழித்து ஹேண்டில்பாரில் கட்டி, பாதியை ஆளிடம் கொடுக்க வேண்டும். கட்டைவிரலும் உள்ளங்கையும் போதும். நூலைப் பல்லால் இழுப்பேன். சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சேர்ந்த அன்றைக்கே காண்டிராக்டரிடம் சொல்லிவிட்டேன். வேலை செய்கிறான் என்று தெரிந்தால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள். இதை எனக்குச் சொன்னது ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஒருத்தன், மில்லில் கால் போனவன். அவனுக்குத் தெரிந்த ஆள் ஒருவன் பெட்டிக்கடை வைத்தானாம், மறுமாசமே நின்றுவிட்டதாம். அவன் பெயர்கூட எனக்கு ஞாபகமில்லை. அவன் சொன்னது மட்டும் எலும்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பேங்க் அம்மா சிரித்தாள். "அதனால எல்லாம் நிக்காதுங்க ஐயா. கை போனதுக்குக் குடுக்கறது அது. நீங்க வேலைக்குப் போனாலும் வரும், போகாட்டியும் வரும்." எழுதிக் கொடுப்பீர்களா என்றேன். அதற்கும் சிரித்தாள். எழுதிக் கொடுக்காத எதையும் நான் நம்புவதில்லை. எழுதிக் கொடுத்ததையும் நம்புவதில்லை, அது வேறு கதை. வெளியே வந்து ருக்குமணியிடம் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் அவளே ஸ்டேண்டுக்குப் போய்க் காண்டிராக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். "பயந்து பயந்து பத்திரம் பண்ண முடியாதுங்க," என்றாள். அந்தத் தாள் இப்போது பேங்க்கில் இருக்கிறது, அதில் என் பெயரும் நான் செய்கிற வேலையும் எல்லோரும் படிக்கிற மாதிரி இருக்கிறது. பேங்க்கும் பென்ஷன் ஆபீஸும் ஒரே கம்ப்யூட்டர்தானே. இங்கே தட்டினால் அங்கே தெரியாதா. இது உண்மைதானா என்று விசாரிக்கத்தான் இன்றைக்கு ஆள் வருகிறார். அக்கம்பக்கத்திலும் கேட்பார்களாம். அக்கம் இல்லை, கடைசி வீடு. பக்கம் வெள்ளிங்கிரி.

சமையல் இடத்தில் ருக்குமணி டீத்தூள் டப்பாவைத் திறக்கிற சத்தம். வருகிறவருக்கு டீ போட வேண்டும், சர்க்கரை தனியாக வைக்க வேண்டும் என்று காலையில் இருந்து நான்கு தடவை சொல்லிவிட்டாள். "அந்த முறுக்கு மூஞ்சிய வெச்சுட்டு உக்காராதீங்க. வர்ற மனுசன் வாசல்லயே திரும்பிப் போயிருவாரு," என்று உள்ளேயிருந்தே சொல்கிறாள். எனக்கு ஒரு தாளின் ஞாபகம். இன்னொரு தாள், பழைய தாள். பம்ப் மோட்டாருக்குத் தகடு அடிக்கிற பிரஸ்ஸில் நானும் வெள்ளிங்கிரியும் பக்கத்துப் பக்கத்து மிஷின். கைக்கு முன்னால் ஒரு கம்பிக் கூண்டு இருக்க வேண்டும், கார்டு என்போம். அது இருந்தால் தகடு எடுக்க நேரமாகிறது என்று சூப்பர்வைசர் கழற்றி மூலையில் போட்டுவிட்டான். மூன்று மாசம் மூலையில் கிடந்தது. அதன்மேல் வெள்ளிங்கிரி சாப்பாட்டுத் தூக்கை வைப்பான். அந்தத் தூக்கு எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது, மூடியில் நீலப் பெயிண்டில் வெ என்று எழுதியிருக்கும். மிஷின் இறங்கிக் கை போன மறுவாரம் கம்பெனியில் விசாரணை என்று ஒரு தாள் எழுதினார்கள். கார்டு மாட்டித்தான் இருந்தது, நாச்சிமுத்துவாக அவசரத்தில் கழற்றிக் கையை விட்டுவிட்டார் என்று. கீழே சாட்சி, வெள்ளிங்கிரி. நான் கட்டிலில் கிடந்தபோது அந்தத் தாளின் நகலைக் காட்டினார்கள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஐந்தாவதோடு நின்றவன், ஆனால் அவன் கையெழுத்தை ஒரே பார்வையில் படித்தேன். வாட்ச்மேன் வேலை தருவதாகச் சொல்லியிருந்த முதலாளி, தப்பு உன்மேல்தான் என்று எழுதியிருக்கிறதே என்று அதோடு முடித்துக்கொண்டார். வெள்ளிங்கிரி ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். "அண்ணா," என்றான். அப்புறம் பையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான். ஆரஞ்சை ருக்குமணி எல்லோருக்கும் கொடுத்தாள், நான் தொடவில்லை. அவன் என்னைக் கேட்டிருக்கலாம். போடட்டுமா அண்ணா, போடாட்டி என்னையும் வெளியே அனுப்பிருவாங்க, என்று ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. கேட்கவில்லை, அதனால் தெரிய வேண்டியதும் இல்லை.

அவனுக்குத் தெரியும். நான் வேலைக்குப் போகிறது அவனுக்குத் தெரியும். ஸ்டேண்டில் சேர்ந்த முதல் வருஷமே ஒரு நாள் டி.வி.எஸ். மொபெட்டை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றான். நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான். பின்னால் நான்கு வண்டி ஹாரன் அடிக்கிறது. டோக்கனைக் கிழித்துக் கட்டி மீதியை நீட்டினேன், வாங்கிக்கொண்டு போய்விட்டான். பொழுது சாய வண்டியை எடுக்க வந்தபோது நான் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அதற்கப்புறம் அவன் அந்த ஸ்டேண்டுக்கு வரவில்லை. வராததுதான் பயம். வந்து இரண்டு வார்த்தை குத்திப் பேசியிருந்தால் சரி, மனசில் இருப்பது வெளியே வந்துவிட்டது என்று இருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் வைத்திருக்கிறவன் எதற்கு வைத்திருக்கிறான்? ஒன்பது வருஷமாக ஒவ்வொரு மாசமும் பென்ஷன் வருகிற தேதியில் முதலில் அவன் மூஞ்சிதான் எனக்கு ஞாபகம் வரும். எழுதிப் போட்டுவிட்டானா, இந்த மாசம் நின்றுவிட்டதா. பணம் வந்ததும் அடுத்த மாசத்துக்குப் பயம் தொடங்கும். இப்போது அவனுக்கு என் வீடும் வேண்டும், நடுச்சுவரை எடுக்க வேண்டும், விசாரிக்க வருகிற ஆளும் அவன் வாசலைத் தாண்டித்தான் என் வாசலுக்கு வர வேண்டும். நான் அவனாக இருந்தால் என்ன செய்வேன்? நான் செய்வதை நினைத்துத்தான் எனக்கு இப்போது வியர்க்கிறது.

வண்டி நின்றது. இது சிலிண்டர் இல்லை. ஜன்னல் சந்தில் பார்த்தேன், ஐம்பது வயது இருக்கும், ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினார், தோளில் கறுப்புப் பை, கழுத்தில் அடையாள அட்டை. அட்டை திரும்பிக் கிடக்கிறது, வெள்ளைப் பக்கம்தான் தெரிகிறது. வண்டியைச் சைடு ஸ்டேண்டில் சாய்த்து நிறுத்தினார், அந்த இடம் சரிவு, விழும், எனக்குக் கை பரபரத்தது. அவர் என் வாசலுக்கு வரவில்லை. வெள்ளிங்கிரி வாசலில் நின்றார். "ஏனுங்க, நாச்சிமுத்துங்கறவர உங்களுக்குத் தெரியுங்களா? கை போனவரு, பென்ஷன் வாங்கறவரு." செருப்பைத் தேய்த்துக்கொண்டு வெள்ளிங்கிரி வெளியே வருகிற சத்தம். "தெரியும். பக்கத்து வீடு. நீங்க யாருங்க?" "ஒரு விசாரணைக்குத்தானுங்க. அவரு எங்காச்சும் வேலைக்குப் போறாருங்களா?" என் காதுக்குள் பிரஸ் ஓடுகிற மாதிரி தடதடவென்று அடிக்கிறது. ருக்குமணியும் கரண்டியோடு வந்து எனக்குப் பின்னால் நிற்கிறாள், அவள் மூச்சு என் கழுத்தில் படுகிறது. "வேலைக்கா?" என்றான் வெள்ளிங்கிரி. "எந்தக் கையில போவாரு?"

"இல்லீங்க, சைக்கிள் ஸ்டேண்டுல இருக்கறாருன்னு..." "யாரு சொன்னது? ஆகாதவன் எவனோ சொல்லியிருப்பான். அவரால ஒரு டம்ளர் புடிக்க முடியாதுங்க. சோறு அந்தம்மாதான் ஊட்டி உடோணும். சட்டைக்குப் பொத்தான் போடறதும் அந்தம்மாதான்." பொய். பதினோரு வருஷமாக இடது கையில் நானே சாப்பிடுகிறேன். பொத்தானுக்குப் பதில் கொக்கி. கெடுத்துவிட்டான், இரண்டாம் தடவையும் கெடுத்துவிட்டான், வீடு போயிற்று, சுவரை எடுக்கப் போகிறான், என்று எனக்குள் ஒருவன் கத்துகிறான். கையெழுத்துப் போட்ட கைதானே. "மத்தியானத்துல எங்கியோ போறாராமே?" என்றார் அந்த ஆள். "கோயிலுக்குப் போவாருங்க. பொழுதுக்கும் உக்காந்துட்டு வருவாரு. வேற என்ன பண்ணுவாரு?" கோவில். அதை நான் அவனிடம் சொன்னதே இல்லை. திரும்பி ருக்குமணியைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள், இவள்தான் சொல்லியிருக்கிறாள். வெள்ளிங்கிரி குரலைத் தாழ்த்தினான், ஆனால் அவன் குரல் தாழ்ந்தாலும் எனக்குக் கேட்கும், சுவர் வழியாகக் கேட்டுப் பழகின காது. "சார், ரெண்டு வருசத்துக்கு முன்னாலயும் ஒருத்தரு இப்பிடித்தான் பையத் தூக்கிட்டு வந்து கேட்டாரு. அவருகிட்டயும் இதேதான் சொன்னேன். நாளைக்கு வேற ஆளு வந்தாலும் இதேதான் சொல்லுவேன். அந்தப் பென்ஷன நிறுத்தி நீங்க என்ன கோட்டையா கட்டப் போறீங்க? போங்க சார்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் வந்தானா. யார் வந்தது. எனக்குத் தெரியாமல் ஒருத்தன் வந்து, என் வாசல் வரைக்கும் வராமல், அந்த வாசலோடு திரும்பிப் போயிருக்கிறான். எனக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை, கால் மாத்திரம் ஜில்லென்று இருக்கிறது. கறுப்புப் பைக்காரர் ஏதோ எழுதுகிறார். "அப்ப வேலைக்குப் போறதில்லை, அப்பிடித்தானுங்க?" "போறதில்லீங்க." ருக்குமணி என் தோளைப் பிடித்தாள். "போங்க. போயிச் சொல்லுங்க," என்றாள். போய் என்ன சொல்வது. இந்த ஆள் பேங்க் ஆள்தான் என்று யார் சொன்னது? வெள்ளிங்கிரி பென்ஷன் ஆபீஸ் என்று நினைக்கிறான். அவனுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும், அட்டையின் முன்பக்கத்தைப் பார்த்திருப்பானோ. பேங்க் ஆள் என்றால் நான் சும்மா இருந்தால் வீடு போகும். பென்ஷன் ஆள் என்றால் நான் வாயைத் திறந்தால் சோறு போகும். பேனா எழுதிக்கொண்டே இருக்கிறது. ஒன்பது வருஷம் பின்சந்து வழியாகப் போனவன் முன்வாசல் கதவின் தாழ்ப்பாளை எடுத்தேன். துண்டு எங்கேயோ விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

வெயில் கண்ணில் அடித்தது. "நான் போறேனுங்க," என்றேன். "ஸ்டேண்டுக்கு. வேலைக்குத்தான் போறேன்." வெள்ளிங்கிரி என்னைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டும், பாம்பை மிதிக்கப் போகிறவனைப் பார்க்கிற மாதிரி. உடனே அந்த ஆளிடம் திரும்பினான். "அவரு அப்பிடித்தானுங்க, ரோசத்துக்குச் சொல்றாரு. ஊட்டுல சும்மா இருக்கறமேன்னு மனசு கொஞ்சம் அப்பிடி." நெற்றியில் விரலை வைத்துக் காட்டினான். கறுப்புப் பைக்காரர் என் கையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "ஐயா, நான் யாரு சொல்றத எழுதறது?" நேராக அவர் வண்டிக்குப் போனேன். கட்டைவிரலை ஹேண்டில்பாரில் கொக்கி மாதிரி மாட்டி, இடது கையால் பின்கம்பியைப் பிடித்து, காலால் ஸ்டேண்டை மிதித்து, ஒரே இழுப்பு. சரிவை விட்டு மேலே ஏற்றிச் சென்டர் ஸ்டேண்டில் நேராக நிறுத்தினேன். ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை செய்கிறது. சட்டைப் பையில் நேற்றைய டோக்கன் கட்டு இருந்தது. ஒன்றைக் கிழித்து, நூலைப் பல்லில் இழுத்து, ஹேண்டில்பாரில் கட்டி, மீதிப் பாதியை அவரிடம் நீட்டினேன். பழக்கதோஷம். அவரும் வாங்கிக்கொண்டார். வாசற்படியில் ருக்குமணி வாயில் சேலையை வைத்துக்கொண்டு நின்றாள். "எத்தன வருசமாங்க?" என்றார். ஒன்பது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு எழுதினதை அடித்தார். அட்டை அப்போது திரும்பியது. கண்ணாடி இல்லை எனக்கு, ஒரு மஞ்சள் வட்டமும் கீழே எழுத்தும் தெரிந்தது, பேங்க்கின் போர்டில் இருந்ததும் மஞ்சள் வட்டம்தானா, ஆரஞ்சா, ஞாபகம் வரவில்லை.

"நீங்க வேலைக்குப் போறதில்லைன்னீங்க," என்று வெள்ளிங்கிரியிடம் திரும்பினார். "இப்ப எது நெசமுங்க? போறாருன்னா பக்கத்து வீட்டுக்காரரு இதுல ஒரு கையெழுத்துப் போடோணும்." பேனாவையும் கிளிப் அட்டையில் கவ்வின தாளையும் நீட்டினார். வெள்ளிங்கிரி வேட்டியில் கையைத் துடைத்தான். பேனாவை வாங்கினான், எழுதவில்லை. அவன் தலை நரைத்திருந்தது, இவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணா," என்றான். "போடட்டுங்களா?"

உள்ளே பால் பொங்கி அடுப்பில் கொட்டுகிற வாசனை வந்தது, ருக்குமணி நகரவில்லை. "போடு," என்றேன். அவன் இன்னும் பேனாவை வைக்கவில்லை. "பென்ஷன் நின்னு போச்சுன்னா எம்மேல வருத்தப்படக் கூடாது." "படுவேன்," என்றேன். "அதையும் பழையதோட சேத்து வெச்சுக்குவேன். போடு." குனிந்து அட்டையை முழங்காலில் வைத்துப் போட்டான். பேனா பிடித்த கை நடுங்குவதைப் பார்த்தேன். அந்தப் பழைய தாளில் போட்ட அன்றைக்கும் நடுங்கியிருக்குமோ.